துடைத்து மட்டும் வைத்தேன்

வண்டி துடைப்பதற்குப் பழைய பருத்திச் சட்டையைவிட நல்ல துணி கிடையாது. கடையில் விற்கிற மஞ்சள் துணி பார்க்கத்தான் பகட்டு. மண்ணை இழுத்துக்கொண்டு போய் பெயின்ட்டில் கீறல் போட்டுவிடும். சட்டையில் பொத்தான்களை மட்டும் மறக்காமல் வெட்டி எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேருடைய சட்டைகளும் கடைசியில் என் வண்டிக் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். வாக்குமூலத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். இங்கிருந்தே எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் கணவர், பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகள், என் கணவருடைய தம்பி. அந்தத் தம்பியை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கப்பல், பட்டாளம் எதிலும் அவன் கால் வைத்ததில்லை. குவாட் பைக் என்கிற நாலு சக்கர வண்டியில் சவாரிக்கு வருகிறவர்களுக்கு முன்னால், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு முதல் வண்டியில் போவதால் ஒட்டிக்கொண்ட பெயர். நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு மீசைகூட அரும்பவில்லை. அதனால் அவன் இவன் என்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நல்ல பையன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

பழைய கல்குவாரியை ஒட்டிய மேட்டு நிலத்தில் சவாரி விடலாம் என்பது அவன் யோசனை. என் கணவர் எடுப்பார் கைப்பிள்ளை, தம்பி சொன்னால் சரி. வெளிநாட்டிலிருந்து மலிவு விலை வண்டிகளாகப் பார்த்து வரவழைத்தார்கள். வண்டி என்று சொன்னார்களே தவிர, வந்தவை இரும்புக் கூண்டுகள். உள்ளே சக்கரம் தனி, ஹேண்டில் தனி, பம்பர் தனி. கூடவே ஒரு விளக்கப் புத்தகம். அதை எழுதியவருக்கும் படிப்பவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. அண்ணனும் தம்பியும் முதல் சக்கரத்திலேயே சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். படத்தைப் பார்த்துப் பார்த்து நான்தான் பூட்டினேன். எனக்குப் பொறுமை உண்டு. ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவளுக்கு இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை.

மலிவு வண்டி என்று நான் குறை சொல்ல மாட்டேன். எஞ்சின் நல்ல எஞ்சின். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் அவசரத்தில் மாட்டியது. இரும்பு மட்ட இரும்பு, நட்டு சாதா நட்டு. மேடு பள்ளத்தில் குலுங்கக் குலுங்க எல்லாம் இளகும். சக்கர நட்டு இளகும், செயின் தொய்யும், பிரேக் வயர் நீளும். ஆகவே ஒவ்வொரு நாளும் சவாரி முடிந்ததும் ஸ்பேனரோடு ஒரு சுற்று வருவேன். இறுக்கிய பிறகு, நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நகப் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். மறுநாள் கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. கோடு முறிந்து விலகியிருந்தால் அசைந்திருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

கேப்டனுக்கு அது பெரிய வேடிக்கை. சவாரிக்கு வருகிறவர்களிடம் காட்டுவான். "பாருங்க, எங்க அண்ணி வண்டிக்கெல்லாம் நகப் பாலிஷ் போட்டு மேக்கப் பண்ணி அனுப்புறாங்க" என்பான். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்போது உண்மையாகவே சிரிப்புத்தான் வந்தது.

அவனுடைய வண்டிதான் அதிகமாக இளகும். ஓட்டம் அப்படி. முக்கியமாக, ஹேண்டிலிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் கம்பி ஒன்று உண்டு. ஹேண்டிலைத் திருப்பினால் சக்கரம் திரும்புவது அந்தக் கம்பியால்தான். அதன் முனையில் தானாகக் கழலாத பூட்டு நட்டு இருக்க வேண்டும், அந்தக் கம்பெனி சாதா நட்டைப் போட்டு அனுப்பியிருந்தது. பூட்டு நட்டு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். "பாக்கலாம் அண்ணி" என்றான். ஏரிப் பக்கம் கடைத்தெருவுக்குப் போனால் வாங்கி வருகிறேன் என்றார் என் கணவர். ஏரிப் பக்கம் போவார், வருவார். நானும் கேட்பதை விட்டுவிட்டு தினமும் இறுக்கினேன். இறுக்குகிறவரைக்கும் அந்த நட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஏரிக்கரையில் இருக்கும் பெரிய தங்கும் விடுதியின் மேலாளர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். தங்க வருகிறவர்களை எங்கள் சவாரிக்கு அனுப்பலாமா என்று பார்க்க வந்தவர். கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார், ஒரு வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்தார். கூடத்தில் உட்கார்ந்ததும், "பராமரிப்பு யார் பாக்குறாங்க?" என்று கேட்டார். நான் காபி கொண்டு வந்திருந்தேன். தட்டை மேஜையில் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன். என் பெயரைச் சொன்னால் மேலாளர் ஏதாவது கேட்பார், பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"பராமரிப்பா? இந்த வண்டிக்கு அதெல்லாம் தேவையே இல்ல சார்" என்றான் கேப்டன். "பெட்ரோல் ஊத்தினா ஓடும். அண்ணி துடைச்சு வெப்பாங்க, அவ்ளோதான்."

"ஆமா, பளபளன்னு துடைச்சு வெப்பா" என்றார் என் கணவர். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் பாராட்டுவதாகத்தான் நினைத்தார்.

எனக்கு வலித்தது. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கோபம் என்று எழுதிவிடாதீர்கள். கோபம் வந்திருந்தால் சட்டி பானையை உருட்டியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், சரியாகிப் போயிருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. காபி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு கொட்டகைக்குப் போனேன். துடைப்பதுதான் என் வேலை என்று வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் சாட்சி சொல்லிவிட்டார்கள். சரி, துடைத்தேன். ஸ்பேனரைத் தொடவில்லை. துடைப்பது என்றால் முழுசாகத் துடைக்க வேண்டும், அல்லவா. நகப் பாலிஷ் நீக்கும் மருந்தைப் பஞ்சில் தொட்டு, எல்லா வண்டியிலும் கோடுகளை அழித்தேன்.

அதற்குப் பிறகு வண்டிகள் அவ்வளவு அழகாக இருந்தன. கேப்டனே சொன்னான், புதுசு மாதிரி இருக்குங்க அண்ணி என்று.

எந்த வண்டியில் கம்பி முதலில் கழன்று விடும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். மற்ற வண்டிகளை ஓட்டுகிறவர்கள் பயந்து பயந்து மெதுவாகத்தான் போவார்கள். கேப்டன் ஒருவன்தான் பறப்பான். அதனால் தெரியும். ஆனால் நான் எதையும் கழற்றவில்லை. ஒரு நட்டைக்கூட எதிர்ப்பக்கம் திருப்பவில்லை. செய்துகொண்டிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டேன். கோடுகளைப் பார்த்தார்களே தவிர, அந்த வேலை நடந்துகொண்டிருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரியாத வேலையை நிறுத்தினால் குற்றமா என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

யாராவது ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று காத்திருந்தேன். அதுதான் உண்மை. வண்டி ஏன் முன்போல இல்லை, நீ ஏதாவது செய்துகொண்டிருந்தாயா என்று ஒரே ஒரு வார்த்தை. உடனே ஸ்பேனரை எடுத்திருப்பேன்.

கேப்டன் வந்து கேட்கத்தான் செய்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். சமையலறை வாசலில் நின்று, "அண்ணி, ஹேண்டில் கொஞ்சம் லூசா இருக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

"மழை பெஞ்சு மண்ணு இளகிக் கிடக்குப்பா. அதான் அப்படித் தெரியுது" என்றேன்.

"அப்படிங்களா" என்று போய்விட்டான். நான் எது சொன்னாலும் நம்புவான். அவன் கேட்டது வண்டியைப் பற்றி. என்னைப் பற்றிக் கேட்கவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். விடுதியில் தங்கியிருந்த ஒரு பள்ளி ஆசிரியை, தனியாக ஓட்ட பயம் என்று சொல்லி கேப்டனுக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். ஓட்டத் தெரிந்தவனோடு போவதுதான் பத்திரம் என்று நினைத்திருப்பார். குவாரி விளிம்பில் பாதை இடப்பக்கம் திரும்பும். ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. வண்டி உருண்டு அந்த அம்மாவின் மேல் விழுந்தது. அவர் பிழைக்கவில்லை. கேப்டனுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருக்கிறேன். கஞ்சி கொடுக்கிறேன், முகம் துடைத்துவிடுகிறேன். "நான்தான் வேகமாத் திருப்பிட்டேன் அண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அழுகிறான். எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

உங்கள் ஆள் ஒருவர் வண்டியைச் சோதிக்க வந்தார். விழுந்த வேகத்தில் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்றார். பிறகு மற்ற வண்டிகளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "வண்டியெல்லாம் சுத்தமா இருக்கு, நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. ஓட்டினவன் தப்பு" என்று முடித்துவிட்டார். ஒரு நட்டில்கூட ஸ்பேனர் வைத்துப் பார்க்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்ததும் கேப்டனை நீங்கள் கைது செய்யப்போகிறீர்கள் என்று என் கணவர் சொன்னார். அதனால்தான் வந்திருக்கிறேன். செய்யாத தப்புக்கு அவன் உள்ளே போகக்கூடாது. அந்தக் கம்பி விழுந்ததால் விடவில்லை. விட்டதால்தான் விழுந்தது. இறுக்க ஆள் இல்லாமல் விட்டது. தினமும் இறுக்கிக்கொண்டிருந்தது நான் என்பதை எழுதினீர்களா? எங்கே, அந்த இடத்தை மட்டும் ஒரு முறை படித்துக் காட்டுங்கள்.

நன்றி. சரியாக இருக்கிறது.

அன்றைக்குக் கம்பி விடும் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாது என்று சொன்னேன். அது பொய் இல்லை, எந்த நாள் என்று யாருக்குத் தெரியும். அன்று பள்ளி விடுமுறை. விடுமுறை என்றால் கேப்டன் என் மகளைத்தான் முதல் சுற்றுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவான். அவள் பிறந்ததிலிருந்து அவன்தான் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். அதற்கு முந்தைய விடுமுறையில் வீட்டுப்பாடம் இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அன்றைக்கும் வாசலில் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு, "அண்ணி, பாப்பாவ அனுப்புங்க" என்று கூப்பிட்டான்.

"இன்னும் தலை பின்னலப்பா, நீ கிளம்பு" என்றேன். அவன் ஆசிரியையை ஏற்றிக்கொண்டான்.

"அம்மா, இப்பதானே பின்னி விட்டீங்க?" என்றாள் மகள்.

அவளைத் திருப்பி உட்காரவைத்து, ரிப்பனை அவிழ்த்தேன்.