‘உளைச்சல் இல்ல’ன்னே எழுது

நர்ஸ்: ஐயா, இந்த ஃபாரத்துக்காக நாலாவது தடவையா கேக்கறேன். அம்மாவைத் தினமும் நீங்கதான் தூக்கறீங்க, குளிப்பாட்டறீங்க... உடம்புல உளைச்சல் உண்டா, இல்லையா?

மூட்டைக்காரர்: இல்ல.

நர்ஸ்: மனசுல?

மூட்டைக்காரர்: மனசு என்ன முதுகா, உளையறதுக்கு?

மனைவி: பாத்தியா பொண்ணே, முதுகு உளையுதுன்னு அவரே சொல்லிட்டாரு. எழுதிக்க.

மூட்டைக்காரர்: நீ படுத்திருக்கற வேலையை மட்டும் பாரு!

மனைவி: கால் விழுந்து எட்டு மாசமா அதைத்தானே பாக்கறேன். ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல.

நர்ஸ்: சிரிக்க வைக்காதீங்கம்மா, எழுத்து கோணுது... ஐயா, இப்பக் குனிஞ்சப்ப ஏன் பல்லைக் கடிச்சீங்க?

மூட்டைக்காரர்: என் பல்லு. கடிப்பேன்.

நர்ஸ்: சரி, அலுப்புன்னு போட்டுக்கட்டா?

மூட்டைக்காரர்: அலுப்பு படுத்து எந்திரிச்சா போயிடும். அதுக்கு யாராவது ஃபாரம் நிரப்புவாங்களா?

நர்ஸ்: உளைச்சல்?

மூட்டைக்காரர்: அது போகாது. உள்ளயே குடித்தனம் பண்ணும்... ஏம்மா, என் வாயைக் கிளறாதே.

நர்ஸ்: எழுதினா என்ன ஆயிடும்னு பயம்?

மூட்டைக்காரர்: முப்பத்தஞ்சு வருஷம் குடோன்ல மூட்டை தூக்கினவன் நான். உளையுதுன்னு ஒருத்தன் மேஸ்திரி காதுல விழச் சொன்னான்னு வையி, மறுநாள் அவன் மூட்டை வேற ஆள் முதுகுல இருக்கும். இவன் கேட்டுக்கு வெளியே நிப்பான். அதனால எவனும் சொல்ல மாட்டோம்.

நர்ஸ்: இங்க மேஸ்திரி யாரு?

மூட்டைக்காரர்: பேனா வச்சிருக்கியே, நீதான். நான் முடியலைன்னு சொன்னா... இவளைக் கொண்டுபோய் முதியோர் இல்லத்துல போட்டுடுவீங்க.

மனைவி: அட மனுசா... அதுக்கா இத்தனை வீம்பு?

நர்ஸ்: ஐயோ, தலைகீழா புரிஞ்சுக்கிட்டீங்களே! உளைச்சல்னு எழுதினாத்தான் காலையில தூக்கி உட்கார வைக்க ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு ஆள் அனுப்புவாங்க. அம்மா இந்த வீட்டுலயேதான் இருப்பாங்க. வேணும்னா நீங்களே படிச்சுப் பாருங்க.

மூட்டைக்காரர்: படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் மூட்டை தூக்கப் போனேன்? அவகிட்டக் காட்டு.

மனைவி: எங்க... ம். ஆமாங்க, அப்படித்தான் போட்டிருக்கு.

மூட்டைக்காரர்: நல்லாப் பாத்தியா? அடியில பொடி எழுத்து ஏதாவது...

மனைவி: அதையும் பாத்துட்டேன்.

மூட்டைக்காரர்: ...சரி, எழுதிக்க. இடுப்பு. இடது பக்கம். ஒரு மாசமா.

நர்ஸ்: மனசுல?

மூட்டைக்காரர்: அது... எத்தனை கிலோன்னு கை வச்சாலே எனக்குத் தெரிஞ்சுடும்மா. இவ மாசாமாசம் ரெண்டு கிலோ குறையறா. டாக்டர் எதையோ எங்கிட்ட மறைக்கறாரு. படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. அதுக்கு எந்தக் கட்டம்னு பாத்து எழுது.

நர்ஸ்: அம்மா... டாக்டர் ஏதாவது சொன்னாரா?

மனைவி: அவரு ஒண்ணும் மறைக்கலை. ஏங்க... என்னை இறக்கி வச்சுட்டு அந்தப் பக்கம் போய் நீங்க முனகறது எனக்குக் கேக்காதா? நான் பசி இல்லன்னு தட்டைத் தள்ளறதெல்லாம் பொய்யிங்க. நல்லாப் பசிக்கும். நான் கொஞ்சம் இளைச்சா உங்க இடுப்பு பொழைச்சுக்குமேன்னுதான்...