மீட்டரைப் பிடித்த இடம்

குரல் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் வகுப்பெடுத்த தொண்டை. எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஆலைக்கு ஒப்பந்தக்காரர்கள் அழைத்து வருகிற ஆட்களுக்கு, உள்ளே கால் வைக்கும் முன் இரண்டு நாள் நான்தான் பாடம் நடத்துவேன். எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றெல்லாம். மைனஸ் நூற்று அறுபத்திரண்டு டிகிரியில் வாயு திரவமாகி அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்றால் வாயைப் பிளப்பார்கள். என் வகுப்பில் யாரும் தூங்கியதில்லை, தங்கை கணவரைத் தவிர.

மாப்பிள்ளை வெல்டர். வேலையில் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருடமும் என் வீட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். தங்கைக்கு ஏழு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அன்றிலிருந்து வளர்த்தவன் நான். என்ன உடுத்துவது, யாரோடு பேசுவது, எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும். அவளைக் கடல் தாண்டி வேறொரு ஆலைக்குக் கூட்டிப்போவதாக மாப்பிள்ளை ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். டிக்கெட்கூட எடுத்தாயிற்றாம். நான் கோபப்படவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் குளிரூட்டும் கலன் ஒன்றில் பழுது. உள்ளே இறங்கிப் பற்றவைக்க வேண்டியவர் மாப்பிள்ளை. உள்ளே இருந்த எரிவாயுவை நைட்ரஜன் செலுத்தி வெளியேற்றியிருந்தார்கள். பிறகு காற்றை ஊதி அந்த நைட்ரஜனையும் விரட்ட வேண்டும்; அது இன்னும் நடக்கவில்லை. ஆக்சிஜன் அளவு பார்க்கும் மீட்டர் அன்று என் கையில். அதன் குழாயை அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் கலனின் வாயிலேயே பிடித்தேன். இருபது புள்ளி ஒன்பது சதவீதம் காட்டியது, வெளிக்காற்றில் இருக்கிற அதே அளவு. அதைத்தான் உள்ளே இறங்குவதற்கான அனுமதி அட்டையில் எழுதினேன். பொய் எழுதவில்லை.

"உள்ள இன்னும் நைட்ரஜன் இருக்குமோ, மச்சான்?" என்று கேட்டார்.

"நாம இழுக்கிற மூச்சுலயே முக்காவாசிக்கு மேல அதுதான், மாப்ள. வகுப்புல தூங்கினா இப்படித்தான்" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. மூச்சும் முட்டாது. இரண்டு இழுப்பில் நினைவு போய்விடும். அவருக்கு வலித்திருக்காது, அந்த விஷயத்தில் என் மனசாட்சி சுத்தம். ஏணியின் அடியில் போய் உட்காருவதுபோலச் சரிந்தார். எங்களோடு நின்றிருந்த சாரம் கட்டுகிறவர் பதறிப்போய் அவரைத் தூக்க இறங்கினார். விழுந்தவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்கக் கூடாது என்று முதல் நாளே நடத்தியிருக்கிறேன். கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம்தான். ஆனால் மீட்டரை எங்கே பிடித்தேன் என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். தவிர, ஒரே பாடத்தை எத்தனை முறை சொல்வது?

காரியமெல்லாம் முடிந்தபின் தங்கை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"அவருக்கு இங்கயே இருக்கத்தான் ஆசைண்ணா. நான்தான் நச்சரிச்சேன். உன் கண்ணுல படாம எங்கயாவது போயிடணும்னு."

துக்கத்தில் உளறுகிறாள் என்று விட்டுவிட்டேன். புகார் கொடுத்ததும் அவள்தான் என்கிறீர்கள், அதுவும் துக்கம்தான். இரண்டு பேரையும் கொன்றது நான்தான், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் சொல்லுங்கள். ஒரு உதவி மட்டும். அவள் வெளியே தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்களே, எங்கேயும் போக வேண்டாம், அண்ணன் வந்து கூட்டிப்போவேன் என்று சொல்லிவிடுங்கள்.