வலிக்காத ஊசி

அடுத்தவர் அழுவதை என்னால் பார்க்க முடியாது, சார். டிவி சீரியலில் யாராவது கண்ணைக் கசக்கினால்கூட எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். என் மனைவி ஸ்ரீமதி இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாள்.

குன்னூரில் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் புது மருந்தைப் பரிசோதித்த மையத்தில் ஊசி போடுவது என் வேலை. மருந்தென்றால் மரபணு. நோயை அடையாளம் காண உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். அதைத் தொடைச் சதையில் ஏற்றினால் மட்டும் போதாது. உடனே அதே இடத்தில் ஒரு மெஷினை வைத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும். அப்போதுதான் செல்லின் கதவு திறந்து மரபணு உள்ளே போகும். நொடிப் பொழுதுதான். ஆனால் கால் துள்ளிவிடும்.

அங்கே வந்த சின்னம்மை என்ற அம்மா, தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். முதல் ஊசிக்கு அவர் போட்ட கூச்சல் மார்க்கெட் வரை கேட்டிருக்கும். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எனக்கு அடிக்க வராது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் பழகுவதற்காக மெஷினில் ஒரு ஏற்பாடு உண்டு: சத்தம் வரும், கரண்ட் வராது. அடுத்த முறை சின்னம்மைக்கு மெஷினை அதில் வைத்தேன்.

"தம்பி, ஒங்க கை பூ மாதிரி. வலிக்கவே இல்ல" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எஸ்டேட் ஜீப்பில் கூட ஊசிக்கு வந்த பெண்களிடம் அவர் சொல்ல, எல்லோரும் என் அறை வாசலில் வரிசை கட்டினார்கள். பக்கத்து அறையில் இதே ஊசி போடும் சசிகலா ஈ ஓட்டினாள்.

டாக்டர் ரஞ்சனிதான் குழம்பினார். "ஏனுங்க கீர்த்தி, சசிகலாகிட்ட போட்டவங்களுக்குக் கட்டி சுருங்குது. உங்க மெஷின் சரியா இருக்குதுங்களா?"

"சத்தம் நல்லாவே கேக்குதுங்க டாக்டர்" என்றேன். நான் பொய் சொல்வதில்லை.

இதே நோய்க்கு என் அத்தை சாந்தாமணியும் வந்தார். அவருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கரண்ட் வைத்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டு கதறினார். சொந்த ரத்தம் பாருங்கள், மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது பர்லியாரில் பழம் வாங்கக் கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு போகிறார். என்னோடுதான் பேசுவதில்லை.

சின்னம்மை ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். அந்த ஜீப்பில் வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஆமாம், கரண்ட் இல்லாவிட்டால் மருந்து வெறும் தண்ணீர்தான் என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

சாவு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். சின்னம்மையின் மகள் இந்துமதி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். சொன்னேனே சார், அடுத்தவர் அழுவதை என்னால் பார்க்க முடியாது. எழுந்து வந்துவிட்டேன்.