வார்சலி என்பது பெயரல்ல

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் அவர்களே, காலைக் கப்பலில் வந்து மாலைக் கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில் இருக்கும் டீன் ஹேமிஷ் பெய்ட்டன் அவர்களே, அவரோடு வந்திருக்கும் பல்கலைக்கழக அலுவலர்களே, நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் பாலமோர் ஊர் மக்களே! உங்கள் எல்லோரையும் வணங்கிப் பேசத் தொடங்குகிறேன்.

ஊராருக்கு என்னைத் தெரியும். வெளியூரார் தெரிந்துகொள்ளட்டும். என் பெயர் ஃபார்க்கர் மக்ரூரி. மறைந்த பேராசிரியர் மார்சலி நிக்காஸ்கில் அவர்களோடு ஒரே துறையில் வேலை பார்த்தவன். அவருடைய ஒலிப்பதிவுப் பெட்டியைச் சுமந்துகொண்டு இந்தத் தீவுகளின் சேற்றையெல்லாம் மிதித்தவன். நல்ல வார்த்தை நாலு பேசுங்கள் என்று மேடையேற்றியிருக்கிறார்கள். வருமா என்று தெரியவில்லை. போன வாரம் அவரை அடக்கம் செய்தபோது எனக்குத் துக்கம் இருந்தது. இன்றைக்கு எரிச்சல்தான் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

யார் இந்த மார்சலி? நம் கேலிக் மொழியையும், அதன் உடன்பிறப்புகளான ஐரிஷையும் மாங்ஸையும் வெல்ஷையும் கார்னிஷையும் பிரெட்டனையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர்! எங்கள் துறையில் பேராசிரியர் நாற்காலியில் அமர்ந்த முதல் பெண்மணி! அப்பேர்ப்பட்டவர் ஓய்வு பெறும்போது பல்கலைக்கழகத்திடம் என்ன கேட்டார்? விருது கேட்டாரா? விருந்து கேட்டாரா? "என் நாற்காலியில அடுத்த ஆள உக்கார வையுங்க, போதும்" என்றார். அவர் எழுந்த நாளிலிருந்து அந்த நாற்காலி காலியாகவே கிடக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் கண்ணை மூடினார்.

அவர் ஆராய்ந்தது என்ன தெரியுமா? கூப்பிடுவதை! நம் மொழியில் ஒருவரைப் பற்றிப் பேசும்போது பெயர் ஒரு மாதிரி இருக்கும், அவரையே கூப்பிடும்போது முதலெழுத்தே மாறிவிடும். முரகு வீட்டில் இருக்கிறான் என்போம். கூப்பிட்டால் "ஏ வுரகி!" என்போம். முரகு எங்கே போனான், வுரகி எங்கிருந்து வந்தான் என்று வெளியூர்க்காரன் விழிப்பான். இது எந்த ஊரில் எப்படி மாறுகிறது, ஏன் மாறுகிறது, கடல் தாண்டி அயர்லாந்தில் என்ன ஆகிறது என்று முதன்முதலில் கேட்டவர் மார்சலி. அன்றைய துறைத்தலைவர் சிரித்தார். "கூப்பிடுறதுல என்னம்மா ஆராய்ச்சி? வாயத் தொறந்தா வருது" என்றார். மார்சலி விடவில்லை. "வாயத் தொறந்தா வரும் சார். நான் காதத் தொறந்து வெக்கணும்ல, அதுக்குத்தான் அனுமதி கேக்குறேன்."

அனுமதி கிடைத்தது. ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? பெட்டியை வைத்துக்கொண்டு கேட்ரியோனா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். "உங்க வீட்டுக்காரர எப்படிக்கா கூப்பிடுவீங்க?" என்று மார்சலி கேட்டார்.

"எதுக்குக் கூப்பிடணும்? உருளக்கெழங்கு வெந்தா தானா வந்து நிப்பாரு."

"சும்மா ஒரு தடவ கூப்பிட்டுக் காட்டுங்க."

"ஆளு சதுப்புல அடுப்பெரிக்க பீட் மண்கட்டி வெட்டப் போயிருக்காரு. ஆளில்லாத எடத்துல நின்னு கூப்பிட எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

கெஞ்சினோம். கடைசியில் கேட்ரியோனா வாசலுக்குப் போனார். இடுப்பில் கைவைத்து மூச்சை இழுத்து விட்டார் பாருங்கள் ஒரு சத்தம்! "ஏ வுரகீ!" நான் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் தெறித்துவிட்டது. சற்று நேரத்தில் வீட்டுக்காரர் முரகு மண்வெட்டியோடு ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் கடைக்கார முரகு. அவருக்கும் பின்னால், வலையைப் பாதியில் போட்டுவிட்டு, படகுக்கார முரகு. இந்த ஊரில் முரகுகளுக்கா பஞ்சம்?

"என்னடி ஆச்சு? வீடு பத்திக்கிச்சா?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பொண்ணுக்கு என் சத்தம் வேணுமாம்."

"ஒன் சத்தமா? தெனம் நாங்க கேக்குறது பத்தாதுன்னு பெட்டில வேற புடிச்சு வெக்கிறாங்களா!"

சிரிக்கிறீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன், ஒலிநாடாவில் பாதி என் சிரிப்புத்தான். ஆனால் அந்த ஒரு சத்தத்தை வைத்துக்கொண்டு மார்சலி என்ன செய்தார்! வாசலில் நின்று கூப்பிடும்போது கடைசி ஒலி நீள்கிறது, மேசைக்கு எதிரே இருப்பவரைக் கூப்பிட்டால் குறுகுகிறது, சண்டையில் முதலெழுத்து மாறவே மாட்டேன் என்கிறது என்று கண்டுபிடித்தார். சண்டை போடவைத்துப் பதிவு செய்யவும் அவர் தயங்கவில்லை. போதகர் அவர்களுக்குத் தெரியும், இரண்டு வீடுகள் அதற்கப்புறம் சில காலம் பேசிக்கொள்ளவில்லை. இதையெல்லாம் வைத்து அவர் எழுதிய நூல் வந்த பிறகுதான் ஐரிஷ்காரர்களும் வெல்ஷ்காரர்களும் தங்கள் வீட்டு வாசல்களில் போய் நின்று கேட்கத் தொடங்கினார்கள்.

இதெல்லாம் படித்தவர்கள் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் பெய்கி பாட்டியைப் பெருநிலத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்களே, நினைவிருக்கிறதா? கண் திறக்கவில்லை, பேசவில்லை. செவிலியர் நாள் முழுக்க "மிசஸ் மக்லீன்! மிசஸ் மக்லீன்!" என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். நினைவு தப்பிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். மார்சலி போனார். படுக்கையருகே குனிந்து "ஏ ஃபெய்கி" என்றார். அவ்வளவுதான். பாட்டி கண்ணைத் திறந்து முறைத்தார்.

"கத்தாத, எனக்கென்ன காது செவிடா?"

"இவங்க இவ்வளவு நேரமாக் கூப்பிட்டாங்களே, ஏன் பேசல?"

"யாரையோ கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. நமக்கெதுக்கு வம்புன்னு படுத்திருந்தேன்."

பெய்கி அதற்குப் பிறகு ஊர் திரும்பி, உப்பு மீன் தின்று, மருமகளோடு சண்டை போட்டு, நிம்மதியாக வாழ்ந்தார். அந்த மருமகள் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அந்த மருத்துவமனையிலேயே செவிலியருக்கு மார்சலி வகுப்பு எடுத்தார். எந்த நோயாளியை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எடுத்த வகுப்பு அது. இப்போது அந்த வகுப்பை யார் எடுப்பது? சொல்லுங்கள், யார் எடுப்பது?

ஓய்வுக்குப் பிறகு மார்சலி அந்த நாற்காலிக்கு ஆள் கேட்டு ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேறிப் போனார். இடுப்பெலும்பு உடைந்த பிறகும் கைத்தடியோடு போனார். சிலமுறை கூடவே நானும் போனேன். டீன் அலுவலகத்தில் நல்ல தேநீர் கொடுத்தார்கள். "குழு கூடணும் மேடம்" என்றார்கள். அடுத்த முறை, "குழு கூடிடுச்சு மேடம், குழுவோட அறிக்கையைப் பாக்க இன்னொரு குழு போட்டிருக்கோம்." அதற்கடுத்த முறை, "அடுத்த வருஷம் பாப்போம் மேடம்." அடுத்த வருஷம்! அந்த அடுத்த வருஷம் எந்த நாட்காட்டியில் வருகிறது? படிக்க வந்த பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பியது. அவர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். மார்சலியின் சமையலறை மேசையில், அடுப்பில் கஞ்சி கொதிக்க, முதுகலைப் பாடம் நடந்தது. சம்பளமில்லை, பட்டமுமில்லை.

டீன் எனக்கு முன்னால் பேசினார். அழகாகத்தான் பேசினார். ஓர் அறைக்கு மார்சலி பெயரை வைக்கப்போகிறார்களாம். பித்தளைப் பலகை அடித்து வந்துவிட்டதாம். அந்த அறையில் யார் பாடம் நடத்துவார் என்று கீழிருந்து பெய்கியின் மருமகள் கேட்டார். "இப்போதைக்குக் கூட்டம் நடத்தப் பயன்படுத்துவோம்" என்று பதில் வந்தது. ஆள் கேட்டால் அறை தருகிறார்கள்!

சரி, பின்னால் திரும்பிப் பாருங்கள். அலுவலர்கள் கொண்டுவந்து கட்டிய பதாகையை வாசியுங்கள். "பேராசிரியர் வார்சலி நிக்காஸ்கில் அவர்களுக்கு அஞ்சலி." வார்சலி! முணுமுணுக்காதீர்கள், சத்தமாகவே வாசியுங்கள். நாம் "ஏ வார்சலி" என்று கூப்பிட்டதை எவரோ காதில் வாங்கி, அதுதான் பெயர் என்று அச்சடித்துவிட்டார்கள். ஆயுள் முழுக்க இது ஒன்றைத்தானே அந்த அம்மையார் சொல்லிக்கொடுத்தார்! பித்தளைப் பலகையிலும் இதே எழுத்துத்தானா, டீன் அவர்களே?

"சரி பண்ணிடலாம் ஃபார்க்கர். அச்சகத்துல நடந்த தப்பு."

எல்லோருக்கும் கேட்டதா? அச்சகத்தில் நடந்த தப்பாம். இல்லை ஐயா. அச்சகத்துக்குப் போகுமுன் ஒருதரம் படித்துப் பார்த்து "இது தப்பு" என்று சொல்ல உங்கள் துறையில் ஓர் ஆள் இல்லை. அந்த ஆளைத்தான் அவர் உங்களிடம் இத்தனை காலம் கேட்டார். வேறு யாரைக் கேட்டார் என்று நினைத்தீர்கள்?

டீன் நம் ஊர்ப்பிள்ளை. அதைச் சொல்லாமல் விட முடியாது. அவருக்குத் தாய் வைத்த பெயர் ஷேமஸ். பள்ளிக்கூட வாசலில் தாய் நின்று "ஏ ஹேமிஷ்!" என்று கூப்பிட்டார். கேலிக் தெரியாத வாத்தியார் கேட்டதை அப்படியே பதிவில் எழுதிவிட்டார். ஹேமிஷாகவே படித்து, ஹேமிஷாகவே டீன் ஆனார். கடைசியாகப் போனபோது, தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டு, அவர் கதவிலிருந்த பெயர்ப்பலகையைப் பார்த்து மார்சலி சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "தம்பி, உன் பேரே உன்ன யாரோ கூப்பிடுற சத்தம்ப்பா. நாளெல்லாம் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. நீதான் வரமாட்டேங்குற." டீன் சிரித்தார்.

மார்சலியின் பணியைத் தொடர்வேன் என்று இந்த அவையில் உறுதி சொல்கிறேன். திங்கட்கிழமை முதல் அவர் சமையலறையில் பாடம் நடக்கும், நான் நடத்துவேன். என்னால் மாடிப்படி ஏற முடியாது, சமையலறைக்கு நடக்க முடியும். ஆனால் எனக்குப் பிறகு? அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நான் இல்லை.

இப்போது எழுந்து நின்று மௌனம் காக்க வேண்டும் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கிறது. மன்னிக்க வேண்டும் போதகர் அவர்களே, நான் காக்க மாட்டேன். பல்கலைக்கழகம்தான் இத்தனை காலமும் மௌனம் காத்ததே, அது போதாதா? எழுந்து நில்லுங்கள். மார்சலியைக் கூப்பிட வேண்டாம், அவர் இனி வரமாட்டார். இங்கே வரக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். மாலைக் கப்பலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. அவர் இந்த ஒலிபெருக்கிக்கு முன் வந்து, அந்த நாற்காலியில் யார், எப்போது என்று சொல்லும்வரை நாம் உட்கார வேண்டாம். கேட்ரியோனா வாசலில் நின்று கத்தினாரே, அந்தச் சத்தத்தில், எல்லோரும் சேர்ந்து:

ஏ ஹேமிஷ்!