அறுபத்திரண்டாம் படி

எங்கள் தொழிற்சாலையில் மதியம் போடும் சாப்பாட்டை யாரும் குறை சொல்ல முடியாது, மேடம். வியாழக்கிழமைகளில் தம்பாக்கி மீன், மேலே தூவிக்கொள்ள வறுத்த மரவள்ளி மாவு, வேண்டிய மட்டும். பதினெட்டு வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு நாளும் வயிறு கெட்டதில்லை. இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், எனக்குக் கம்பெனிமேல் ஏதோ கோபம் என்று நீங்கள் உங்கள் விசாரணைத் தாளில் குறித்திருப்பதை மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்தே படித்துவிட்டேன். நாற்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தவன் நான். தலைகீழாக இருந்தாலும் விடமாட்டேன். கோபம் ஒன்றும் இல்லை. நல்ல இடம் அது.

படகைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். ஆனால் ரேடியோவைப் பற்றிச் சொல்லாமல் படகைப் பற்றிச் சொன்னால், நான் செய்தது உங்களுக்குக் கெட்டதாகத்தான் தெரியும்.

நாங்கள் செய்வது ஆற்றுப் படகுகளில் மாட்டுகிற ரேடியோ. அதற்குள்ளே ஆஸிலேட்டர் என்று ஒன்று, நகத்தளவு இருக்கும். பேசவேண்டிய அலைவரிசையைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். முன்னெல்லாம் திருகைத் திருகிப் பிடித்தார்கள். இப்போது எண் கொடுத்தால் போதும். பெரிய படி பதினாறு, ஒவ்வொரு பெரிய படிக்கும் சின்னப் படி அறுபத்துநாலு. பெரிய படியில் கிட்டே போய்ச் சின்னப் படியில் சரியாக நிற்க வேண்டும். கூரையில் ஓடு அடுக்குகிற மாதிரி ஒரு பெரிய படியின் மேல்பாதிமேல் அடுத்தது ஏறி இருக்கும். அதனால் ஒரே அலைவரிசையை இந்தப் படியின் உச்சியிலும் பிடிக்கலாம், அடுத்த படியின் நடுவிலும் பிடிக்கலாம். என் மேஜையில் இருந்த இயந்திரம் கீழிருந்து ஏறி, முதலில் எங்கே அகப்பட்டதோ அங்கேயே நின்று அந்த எண்ணைப் பதிந்துவிடும். பச்சை விளக்கு எரியும். அடுத்த ரேடியோப் பெட்டி.

சோதனை அறையில் ஏசி ஓடும். மனவுஸ் நகரத்து வெயிலில் வந்து இறங்கி, உள்ளே போய் ஸ்வெட்டர் போட்டுக்கொள்வோம். படகிலோ ரேடியோ எஞ்சினுக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும். சூடு ஏறினால் அலைவரிசை கீழே சரியும். ரேடியோ தானாகவே சின்னப் படி ஏறி அதை ஈடுகட்டும். முப்பதாம் படியில் நிற்கிற ரேடியோவுக்கு ஏறுவதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அறுபத்திரண்டில் நிற்கிறதற்கு இரண்டே இரண்டு. அதற்குமேல் படி கிடையாது. விளக்கு பச்சையாகவே எரியும், ஆள் பேசிக்கொண்டே இருப்பார், யார் காதிலும் விழாது.

இதைக் கண்டுபிடித்தது நான்தான். சரிசெய்கிற வழியையும் நானே கண்டுபிடித்தேன். முதலில் அகப்பட்ட இடத்தில் நிற்காதே, அடுத்த பெரிய படிக்கும் போய்ப் பார், எது நடுவில் நிற்கிறதோ அதை எடு. அவ்வளவுதான். பெட்டிக்கு நாலு செகண்ட் அதிகம் ஆகும்.

எங்கள் இன்ஜினீயர் வாண்டர்லெய் தங்கமான மனிதர். நான் எழுதிக் கொடுத்த தாளை முழுக்கப் படித்தார். பக்கத்து மேஜை மரிநெயிடெ சும்மா இருப்பாளா? “பாருங்க சார், நேத்துதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டாரு. இன்னிக்கு உங்களுக்கே பாடம் எடுக்க வந்துட்டாரு” என்றாள். நானும் சிரித்தேன். இன்ஜினீயர் சிரிக்கவில்லை. யோசனை சரிதான் என்றார். பிறகு கேட்டார்: “ஆனா அல்செமிர், ஒரு புகாராவது வந்திருக்கா? வரலை இல்ல? புகாரே இல்லாம மேல இருக்கிறவங்ககிட்ட நாலு செகண்டை நான் எப்படிக் கேக்கறது?”

நியாயமான கேள்வி. அதை நினைத்துக்கொண்டே சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அவர் முடியாது என்று சொல்லவில்லை, பாருங்கள். புகார் ஒன்று வேண்டும் என்றுதான் சொன்னார்.

புகார் ஏன் வரவில்லை என்றும் எனக்குத் தெரியும். ஆற்று ஜனங்கள் ரேடியோ ஊமையானால் மழையைச் சொல்வார்கள், காட்டைச் சொல்வார்கள், அணைத்துவிட்டுத் தூளியில் படுத்துவிடுவார்கள். எழுந்து போட்டால் ஆறிப்போன ரேடியோ பேசும். ஆகவே வாயுள்ள ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. புரூஸ் ஆற்றில் படகு விடுகிற ஓட்டோனியேல் அண்ணன் நினைவுக்கு வந்தார். ரொட்டிக்குள் துக்குமா பழம் ஒரு துண்டு குறைந்தால் துறைமுகமே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போடுகிறவர். அவருக்குப் புது ரேடியோ தேவையாகவும் இருந்தது. தொழிலாளி விலையில் நான் எடுத்துத் தருகிறேன் என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒரு நாளைக்கு நானூறு பெட்டி என் கையில் போகும். ஓரத்தில் நிற்கிறது அதில் ஐந்தாறு இருக்கும். மூன்று நாள் பொறுமையாகப் பார்த்து, அறுபத்திரண்டில் நின்ற ஒன்றை எடுத்து வைத்தேன். வீட்டில் மாவு வறுக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தைந்தாவது நிமிஷம் ஊமையானது. மறுபடியும் பார்த்தேன், முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் படகில் மாட்டினேன். அண்ணி பொரித்த மீன் கொடுத்தார்கள்.

அவர் வந்து கத்துவார், இன்ஜினீயர் கேட்பார், நாலு செகண்ட் கிடைக்கும். என் கணக்கு அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, ஆற்றில் மிதந்து வந்த மரம் ஒன்று படகின் அடியைக் கிழித்தது. விடியலிலிருந்து ஓடிய படகு. ரேடியோ நன்றாகச் சூடேறியிருக்கும். முக்கால் மணி நேரம் ஓட்டோனியேல் அண்ணன் உதவி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். தீவுக்கு அந்தப் பக்கம், இருபது நிமிஷத் தூரத்தில், இன்னொரு படகு ரேடியோவைப் போட்டபடியே போய்க்கொண்டிருந்தது. அண்ணன் படகில் ஏழு பேர் மூழ்கிப் போனார்கள். அண்ணியும் அதில் ஒருவர்.

அதற்குப் பிறகு அவர் தொழிற்சாலைக்கு வந்தார். நான் எதிர்பார்த்த மாதிரிதான் வந்தார், ஆனால் கத்தவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு இன்ஜினீயர் முன்னால் நின்றார். ஆகவே அவருக்காக நானே பேச வேண்டியதாயிற்று. பழைய தாளை மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை ஒரே நாளில் கையெழுத்தாகிவிட்டது. சுவரில் ‘அல்செமிர் முறை’ என்று எழுதி ஒட்டினார்கள். மரிநெயிடெ கேக் வாங்கி வந்து, “நீர் பெரிய ஆளுய்யா” என்றாள். நாலு மாதம் ஆகிறது. நாற்பதாயிரம் பெட்டிக்கு மேல் வெளியே போயிருக்கிறது, ஒவ்வொன்றும் நடுப்படியில். எத்தனை படகு, எத்தனை பிள்ளைகள், நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தப் பக்கத்தையும் உங்கள் தாளில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆற்றிலிருந்து எடுத்த ரேடியோவில் நீங்கள் படித்த எண் சரி. அதை வாங்கின பெயரும் என் பெயர்தான். மறுக்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள்: விபத்துக்கு முன்னால் அவர் ஏதாவது குறை சொன்னாரா என்று. சொன்னார். அதற்கு நாலு நாள் முன்பு ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மலிவாக வாங்கிக் கொடுத்தவனிடம் எப்படிச் சொல்வது என்று அவருக்கு ஒரே கூச்சம். “தம்பி, தப்பா எடுத்துக்காத. கொஞ்ச நேரம் ஓடினா ஊமையாயிடுது. எனக்குத்தான் இதைப் போடத் தெரியலையோ என்னமோ” என்றார், காதோடு காதாக. இன்ஜினீயர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் ரேடியோவைக் குளிர் அறையில் போட்டுக் காட்டினேன். பச்சை விளக்கு. “பாருங்கண்ணே, நல்லாத்தானே இருக்கு” என்றேன். எனக்கு நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

இப்படி மெதுவாகச் சொன்ன புகாருக்கு யாரும் முறையை மாற்றமாட்டார்கள், மேடம். பெட்டியை மட்டும் மாற்றிக் கொடுத்து முடித்துவிடுவார்கள். அன்றைக்கு அவர் எப்போதும்போல நாலு பேர் கேட்கக் கத்தியிருந்தால் ஏழு பேரும் இன்றைக்கு இருந்திருப்பார்கள். இதை யாராவது பக்குவமாக அவரிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் குத்திக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.