சனிக்கிழமை வானிலை

பாருங்க, பாருங்க... மறுபடியும் போய் நின்னுட்டா! எங்க நிக்கிறான்னு பாருங்க டீச்சரம்மா. டிவியில, வானிலைப் படத்தோட வடகிழக்கு மூலையில. அங்கதானே நம்ம ஊரு நோர்டால் இருக்கணும்? இப்ப எங்க இருக்கு? அவ முழங்கைக்கு அடியில இருக்கு! மூணு மாசமா இந்த ஊரு அந்தப் பொண்ணு முழங்கைக்கு அடியிலதான் குடியிருக்கு.

உக்காருங்க, உக்காருங்க. உங்க வண்டிக்கு இப்பத்தான் ஜாக்கி போட்டிருக்கான். பனிக்கால டயர் நாலையும் மாட்டி முடிக்க இந்த டயர் கடையில ஒரு மணி நேரம் ஆக்குவாங்க. காபி குடிக்கிறீங்களா... வேணாமா? அதுவும் நல்லதுதான். காலையில போட்ட காபி அது.

என்னைத் தெரியலையா? சரிதான், ஆகஸ்ட்லதானே பள்ளிக்கூடத்துல வந்து சேந்தீங்க. நான் ஆர்லன் ஹௌகன். இதே டிவியில, இதே மத்தியானச் செய்தியில, இருபத்திரண்டு வருஷம் வானிலை சொன்னவன். நம்ம ஊர் டிவி ஒண்ணும் பெருசு இல்ல. செய்தி வாசிக்கிற லோயிஸ்தான் டிராக்டர் விளம்பரத்துக்கும் குரல் குடுப்பா. நிருபர் ஒரே ஆளு. கேமராவை ஸ்டாண்டுல மாட்டி, ஆன் பண்ணிட்டு, முன்னால ஓடிப்போய் நின்னு பேசுவாரு. ஒரு தடவை மேயர் பேட்டி முழுசும் மேயருக்குத் தலையே இல்லாம வந்துச்சு. யாரும் கோவிச்சுக்கல. தொப்பையை வச்சே கண்டுபிடிச்சிட்டாங்க.

அது... அது நம்ம ஆளுங்க செய்யுற தப்பு. இது அப்படியா? டிவியை நடத்துற கம்பெனிக்காரன் வானிலையை மட்டும் தனியா பிச்சு எடுத்து நானூறு மைல் தள்ளி வச்சுட்டான். இப்ப டிவியில நிக்கிற இந்தக் கெல்சி அங்க ஒரே இடத்துல நின்னு ஒம்போது ஊருக்கு வானிலை சொல்றா. ஒம்போது ஊருக்கும் ஒரே சிரிப்பு! "உங்க ஊர்ல இன்னிக்கு அருமையான நாள்"ங்கிறா. எந்த ஊர்லம்மா? போன செவ்வாய்க்கிழமை அவ அருமையான நாளுன்னு சொன்னப்பதான் இங்க பனிப்புயல் அடிச்சு, பள்ளிக்கூட பஸ்ஸு பள்ளத்துல இறங்கிக் கிடந்துச்சு. உள்ள பதினாலு பிள்ளைங்க...

என்னது? நீங்களும் அந்த பஸ்லயா? அடக் கடவுளே! ரெண்டு மணி நேரமா? பிள்ளைங்க அழுதிருக்குமே... பாட்டு பாட வச்சீங்களா? நல்ல வேலை பண்ணீங்க. அப்ப என்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்ற இந்த மனுவுல மொதல்ல போட வேண்டிய கையெழுத்தே உங்களுதுதான். இந்தாங்க பேனா. வெள்ளிக்கிழமைக்குள்ள ஐந்நூறு பேரு போட்டுட்டா, ஆர்லனைத் திரும்ப எடுக்கறதைப் பத்தி யோசிக்கிறோம்னு கம்பெனி எழுதியிருக்கு. முந்நூத்தி அறுபது வந்துருச்சு. எனக்கு அம்பத்தெட்டு வயசு டீச்சரம்மா. மேகத்தைத் தவிர வேற எதையும் பாக்கத் தெரியாது. இனிமே போயி என்ன வேலை கத்துக்கறது?

ஏன் தூக்கினாங்கன்னா... அதை ஊர்ல பல மாதிரி சொல்லுவாங்க. மெயின் ரோட்டுக் காபிக் கடையில கேட்டீங்கன்னா, டிவி மேனேஜர் வெண்டலுக்கும் எனக்கும் சண்டைம்பாங்க. லூத்தரன் சர்ச்சுல, சாப்பாட்டு வரிசையில நிக்கிற பொம்பளைங்க, நான் தலைக்குச் சாயம் அடிக்க மாட்டேன்னுட்டேன், அதான்னு சொல்லுவாங்க. தீவனக் கடைக்காரன் சொல்றது இன்னொண்ணு. டிவியில ஓடின ஃபுட்பால் ஆட்டத்தோட கடைசி நிமிஷத்துல குறுக்க பூந்து சூறாவளி வருதுன்னு சொன்னேனாம். சொன்னேன்தான்! வந்துச்சே சூறாவளி! அன்னிக்கு டிவிக்கு நாப்பது போன். முப்பத்தொம்போது திட்டு. ஒருத்தர் மட்டும் நிலவறைக்குள்ள இருந்து நன்றி சொன்னாரு, சொல்லிட்டு ஆட்டம் என்னாச்சுன்னு கேட்டாரு.

இது எதுவுமே இல்ல. நெசம் வேற. யாருகிட்டயும் சொல்லாதீங்க, சர்ச்சுல சொல்லவே சொல்லாதீங்க. கம்பெனி ஒரு போட்டி வச்சுச்சு. வேலையைச் சுருக்க ஒரு யோசனை எழுதுங்க, பரிசுன்னு. லோயிஸ் ஒண்ணும் எழுதல. நிருபருக்கு எழுத நேரமில்ல. நான் உக்காந்து விவரமா எழுதினேன். "வானிலை சொல்ல ஆளு நிலையத்துல இருக்கணும்னே அவசியம் இல்ல. நான் வெள்ளிக்கிழமை மத்தியானமே சனி, ஞாயிறு ரெண்டுக்கும் பேசிப் பதிவு பண்ணி வச்சிருவேன். நடுவுல கழுத்து டையை மட்டும் மாத்திக்குவேன். பதினோரு வருஷமா ஒருத்தரும் கண்டுபிடிக்கல"ன்னு.

ஜெயிச்சேன்! மொத்த கம்பெனியிலயும் மொதல் பரிசு. பெட்டி வந்துச்சு. நான் போட்டிருக்கிற இந்த ஜாக்கெட்டுதான், தொட்டுப் பாருங்க, நல்ல கதகதப்பு. ஜாக்கெட்டுக்கு அடியில மடிச்சு ஒரு கடுதாசி. உங்க யோசனையை உடனே நடைமுறைப்படுத்துறோம், இதுவரைக்கும் நீங்க செஞ்ச சேவைக்கு நன்றின்னு.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? வாரக் கடைசியில ஏரி உறைஞ்சு கிடக்கும் டீச்சரம்மா! பனிக்கட்டியில துளை போட்டுத் தூண்டிலோட உக்காந்தா மீனு தானா வரும். தப்பாச் சொன்னதும் ஒரே ஒரு தடவைதான். வானம் தெளிவா இருக்கும்னு வெள்ளிக்கிழமையே பேசிட்டுப் போயிட்டேன். சனிக்கிழமை பதினாலு அங்குலம் பனி கொட்டுச்சு. ஏரி மேல இருந்த என் கூடாரத்தையே தோண்டித்தான் எடுத்தாங்க. டிவிக்கு ஒரு போன் வரல. தோண்டினவங்க கூட, "கொஞ்சம் பனி பெஞ்சிருச்சுல்ல, ஆர்லன்?"னு மட்டும்தான் கேட்டாங்க. நம்ம ஊரு ஜனங்க அவ்வளவு மரியாதை.

என்ன கேக்குறீங்க... வேலை திரும்பக் கிடைச்சா சனிக்கிழமை யாரு வானிலை சொல்லுவாங்கன்னா? நான்தான்! நானேதான் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே பேசி வச்சிருவேன், நீங்க கவலையே படாதீங்க...

எங்க எழுந்துட்டீங்க? டீச்சரம்மா, கையெழுத்து... வெளிய காத்து அடிக்குதும்மா! உங்க வண்டியில இன்னும் மூணு டயர் மாட்டவே இல்லையே, நடந்தா போறீங்க?