லயத்துக் கரண்ட்

— கதவுல சாஞ்சு நிக்காம உள்ள போய் அந்த பெட்டரிய எடுத்துக் குடு புஷ்பவதி. தோட்டத் தொரை பங்களாவுல கொழும்பு டைரக்டர் இருக்கார். இருட்டுறதுக்குள்ள பல்பு எரியணும்.

— தொரை ஜீப்புல இல்லாத பெட்டரியா, கிளாக்கரய்யா?

— ஜீப்பு, லொறி, டிரக்டர், மூணுலயும் கழட்டி மாட்டியாச்சு. டைரக்டர் நேத்து பல்ப அணைக்காமலே தூங்கிட்டார். மூணும் செத்துப் போச்சு. நாளைக்கு அவர ஊருக்கு அனுப்ப ஜீப்பு வேற தள்ளணும்.

— அப்ப, கரண்டே குடுக்காத எங்க லயத்து வீட்டுலருந்து பங்களாவுக்குக் கரண்ட் போகுதுன்னு சொல்லுங்க.

— வார்த்தையை அளந்து பேசு! நீர்த்தேக்கங்கள் வறண்டு, நாடே இருளில் மூழ்கிக் கிடக்கிறது. இத்தருணத்தில் ஒவ்வொரு தொழிலாளியும்...

— எங்க வீட்டுத் தொழிலாளி உள்ள மொடங்கிக் கெடக்காரு. நீங்கதான் வேலைய நிப்பாட்டிட்டீங்களே.

— அது வேற விசயம். கரண்ட் வர்ற கொஞ்ச நேரத்துக்கே என் குவாட்டர்ஸ் பில் எக்கச்சக்கமா ஏறிக்கிட்டுப் போகுது. இந்த சண்ட நேரத்துல மாத்தளை டவுனுக்கு சார்ஜ் பண்ண பெட்டரி தூக்கிட்டுப் போனா, குண்டு செய்யவான்னு செக்பொயின்ட்லயே புடிச்சு வச்சிருவான். ஆனா நீங்க அந்த பெட்டரியில டிவி போட்டு இந்த வருசம் உலகக் கிண்ணமும் பாத்தீங்க, தினம் நாடகமும் பாக்கிறீங்க. எங்க சார்ஜ் பண்றீங்க? உன் புருசன் மாடசாமிதான் என் வயர்ல கொக்கி போட்டிருக்கான்.

— அவருக்கு டோர்ச்சுல பல்பு மாத்தவே கை நடுங்கும் ஐயா.

— அப்ப யாரு? பேரச் சொல்லு.

— சொல்ல மாட்டேன்னு மாரியம்மன் மேல சத்தியம் பண்ணியிருக்கேன்.

— கள்ளனுக்கு ஒரு சத்தியமா! என் வீட்டைப் பார். டிவி கிடையாது. என் மனைவி கமலாட்சி கேட்டாள், மறுத்துவிட்டேன். குடும்பப் பெண்களைக் கெடுக்கும் பெட்டி அது. இப்போது பொழுது சாய்ந்தால் அவள் கோயில் பஜனைக்குப் போகிறாள். முகத்தில் எத்தனை சாந்தம்!

— ஆமாங்க. அம்மா இப்பல்லாம் சிரிச்ச முகமாத்தான் இருக்காங்க.

— கேட்டுக்கோ. ஆளக் காட்டிக் குடு, விடிஞ்சதும் மாடசாமிக்கு வேல. அந்த ஆள டைரக்டர் முன்னாடியே நிறுத்துறேன்.

— யாரா இருந்தாலுமா?

— என்னைப் பெற்ற தாயாக இருந்தாலும்! சுந்தரலிங்கத்தின் வாக்கு இது.

— உங்க அம்மா இல்லைங்க.

— அப்புறம்?

— மொதல்ல பெட்டரியத் தூக்குங்க. சாய்க்காதீங்க, அசிட் கொட்டிச்சுன்னா வேட்டி போயிரும். காலையில இவரு மலைக்கு வேலைக்கு வந்துருவாரு.

— ஆளச் சொல்லாமலா?

— சத்தியம் பண்ணிட்டேனுங்க, கள்ளன் பேரு என் வாயில வராது. நீங்க போற வழியில கமலாட்சி அம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிருங்க: உங்க வீட்டுப் பின்பக்கத்துல அவங்க சார்ஜ் ஏத்தித் தந்த பெட்டரி பங்களாவுக்குப் போகுது, அதனால இன்னைக்கு எங்க லயத்துல பஜனை கிடையாதுன்னு.